விடத்தேரை: பாலவனத்தம் வட்டாரத்து முட்செடி ஒன்றின் வரலாறு

விடத்தேரை என்பது தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் தரிசுகளிலும் இயற்கையாக வளரும் முட்புதர் ஆகும். இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியல் பெயர் டைக்ரோஸ்டாக்கிஸ் சினிரியா. இரு நிறப் பூங்கதிரும், முறுக்கிச் சுருண்ட காய்க்கொத்தும் இச்செடியின் தனி அடையாளங்கள். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் உள்ளிட்ட தென் மாவட்டச் சமவெளிகளுக்கு இது பழைய செடி. சங்க இலக்கியமான பதிற்றுப்பத்தில் இதன் பெயரும் காயின் வடிவமும் பதிவாகியுள்ளன.

இன்று இவ்வட்டாரத்தில் முள் என்றாலே சீமைக் கருவேலம் என்ற நிலை உருவாகிவிட்டது. அதனால் விடத்தேரையின் பெயரும் அடையாளமும் இளைய தலைமுறையிடம் மறைந்து வருகின்றன. இக்கட்டுரை இச்செடியின் உடலமைப்பையும், உழவு கைவிடப்பட்ட நிலத்தோடு அதற்குள்ள நெடுநாள் தொடர்பையும் விளக்குகிறது.

பெயர்கள்

சங்க நூலில் இச்செடி விடத்தர் எனப்படுகிறது. பிற்கால வழக்கில் விடத்தேர், விடத்தேரை, விடத்தல், விடத்தலை என்ற வடிவங்கள் உள்ளன. பேச்சில் வெடத்தலை என்று சொல்வோரும் உண்டு. தெலுங்கில் வெலுதுரு என்றும், சிங்களத்தில் அந்தர என்றும் இது அறியப்படுகிறது.

பெயரின் முன்பகுதியைப் பார்த்து இதை நச்சுச் செடி என்று எண்ணிவிடக் கூடாது. இதன் காயையும் தழையையும் ஆடு மாடுகள் விரும்பித் தின்கின்றன. முட்களின் நடுவே வாயை நுழைத்துத் தழையைக் கடிப்பதில் வெள்ளாடு தேர்ந்தது.

ஊர்ப்பெயர்களிலும் இச்செடியின் பெயர் ஒலிக்கிறது. இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் விடத்தல்தீவு என்ற கடலோர ஊர் உள்ளது. மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்தை அடுத்து விடத்தகுளம் உள்ளது. புளியங்குளம், ஆலங்குளம், வேலங்குடி என்று மரத்தின் பெயரால் ஊரை அழைத்த வழக்கத்தில் இவையும் அடங்கும். ஒரு செடியின் பெயரை ஊருக்கு வைக்க வேண்டுமானால், அங்கு வாழ்ந்தவர்கள் அச்செடியை மற்றவற்றிலிருந்து பிரித்து அறிந்திருக்க வேண்டும்.

நிலம்

பாலவனத்தம் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள ஊர். பழைய அச்சு நூல்களில் இது பாலவநத்தம் என்றும் எழுதப்பட்டுள்ளது. அருப்புக்கோட்டையைச் சுற்றி கரிசல் மண் பரந்துள்ளது. தெற்கிலும் கிழக்கிலும் திருச்சுழி நோக்கிச் செல்லும்போது கரிசலோடு செவலும் உவர் நிலமும் கலந்து வருகின்றன. திருச்சுழியை ஒட்டிக் குண்டாறு ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும்.

இப்பகுதியின் மழை ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் அளவில் அமைகிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மற்ற மாதங்களில் நிலம் நீண்ட வறட்சியைத் தாங்க வேண்டும். மழைநீரைத் தேக்கக் கண்மாய்களும், மானாவாரிப் புஞ்சைகளும், இரண்டுக்கும் இடையே ஆடு மேயும் பொட்டல்களும் என்ற அமைப்பு இதனால் ஏற்பட்டது.

இத்தகைய நிலத்தில் இயற்கையாக வளரும் செடிகள் பெரும்பாலும் முள் உடையவை. உடை, கருவேலம், வெள்வேலம், இலந்தை, சூரை, காரை, சங்கஞ்செடி, விடத்தேரை ஆகியவை அவற்றுள் சில. நீர் குறைந்த இடத்தில் ஓர் இலையை உண்டாக்குவது செடிக்குப் பெருஞ்செலவு. அந்த இலையை மேயும் விலங்கிடமிருந்து காப்பதற்கு முள் உதவுகிறது. பசுமைக் காடுகளில் முட்செடிகள் குறைவாகவும் வறண்ட காடுகளில் மிகுதியாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உடலமைப்பு

விடத்தேரை பெரும்பாலும் புதராகவும், வெட்டப்படாமல் விட்ட இடங்களில் 5 முதல் 7 மீட்டர் உயரமுள்ள சிறு மரமாகவும் வளரும். பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறம். முதிர்ந்த தண்டில் பட்டை நீளவாக்கில் வெடித்திருக்கும்.

முள்: தாவரங்களில் முள் பல வழிகளில் தோன்றுகிறது. ரோஜாவின் முள் தண்டின் மேற்பரப்பிலிருந்து எழுவது. விரலால் தள்ளினால் பெயர்ந்துவிடும். கருவேலத்தின் முள் இலையடிச் செதில்கள் மாறி அமைந்தது. ஆகவே ஒவ்வோர் இலையின் அடியிலும் இரண்டிரண்டாக நிற்கும். விடத்தேரையின் முள் இவ்விரு வகையையும் சேர்ந்ததன்று. அது ஒரு குட்டைக் கிளை. பக்கக் கிளை வளர்ச்சி நின்று, நுனி கூராகிக் கட்டையாக மாறி முள்ளாகிறது. அதனால் இதன் முள்ளின் மேலேயே இலை துளிர்ப்பதைக் காணலாம். முள்ளில் இலை இருந்தால் அது கிளையிலிருந்து வந்த முள் என்று மாணவர்கள் எளிதில் முடிவு செய்யலாம்.

இலை: இருமுறை பிரிந்த சிறகு வடிவக் கூட்டிலை. நடுக்காம்பின் இருபுறமும் சிறு சிறகுகள் இணை இணையாக அமைகின்றன. ஒவ்வொரு சிறகிலும் மிகச் சிறிய சிற்றிலைகள் பல இணைகளாக நெருங்கியிருக்கும். சிறகுகள் சேரும் இடங்களில் காம்புள்ள சிறு சுரப்பிகள் உண்டு. சிற்றிலை சிறியதாக இருப்பதால் வெயிலில் எளிதில் சூடேறாது; நீர் இழப்பும் குறையும்.

பூ: இச்செடியின் மிக அழகிய உறுப்பு பூங்கதிர். அது கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கும். மேற்பாதி இளஞ்சிவப்பாகவோ வெளிர் ஊதாவாகவோ இருந்து பின் வெளுக்கும். கீழ்ப்பாதி மஞ்சள். மேற்பாதியில் உள்ளவை மலட்டுப் பூக்கள். அவற்றின் நீண்ட இழைகள் மகரந்தம் தராத கேசரங்கள். பூச்சிகளை அழைக்கும் விளம்பரமாக அவை செயல்படுகின்றன. கீழ்ப்பாதியின் மஞ்சள் பூக்களே மகரந்தமும் சூலும் உடையவை, காய் பிடிப்பவை. ஒரே கதிருக்குள் அழைப்பதற்கு ஒரு கூட்டமும், காய்ப்பதற்கு ஒரு கூட்டமுமாக வேலைப் பிரிவு உள்ளது. கிரேக்க மொழியில் இரு நிறக் கதிர் என்று பொருள்படும் டைக்ரோஸ்டாக்கிஸ் என்ற பேரினப் பெயர் இதனால் வந்தது. சினிரியா என்பது சாம்பல் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

காய்: ஒரு கதிரின் பல பூக்கள் காய்ப்பதால் காய்கள் கொத்தாக அமைகின்றன. ஒவ்வொரு காயும் தட்டையாகவும் குறுகலாகவும் இருந்து, முதிரும்போது முறுக்கிச் சுருள்கிறது. காய்ந்த கொத்தைப் பார்த்தால் நாடாக்களைப் பிசைந்து உருட்டி வைத்ததுபோல் தோன்றும். பெரும்பாலும் இக்காய் தானே வெடித்து விதையைச் சிதறுவதில்லை. கால்நடைகள் தின்ற பிறகு, கடினத் தோலுள்ள விதைகளில் பல செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து முளைக்கின்றன.

வேர்: ஆழமான வேரோடு, மண்ணின் மேலடுக்கில் பக்கவாட்டில் ஓடும் வேர்களும் உண்டு. அவற்றிலிருந்து புதுக்கன்றுகள் கிளம்புகின்றன. தண்டை வெட்டினாலும் வேர் காயப்பட்டாலும் முளைக்கும் கன்றுகள் பெருகுகின்றன. ஒரு செடி நின்ற இடம் சில ஆண்டுகளில் புகமுடியாத புதராவது இதனால்தான். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் சத்துக் குறைந்த மண்ணிலும் இது வளர்கிறது.

மற்ற முட்செடிகளிலிருந்து பிரித்தறிதல்

பூவும் காயும் இல்லாத காலத்தில் வேல இனச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆயினும் சில எளிய அடையாளங்கள் உண்டு.

கருவேலத்தின் பூ மஞ்சள் நிற உருண்டை. காய் மணிகளைக் கோத்த மாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். உடை என்னும் குடைவேலத்தின் தலைப்பகுதி விரித்த குடைபோல் தட்டையானது, தொலைவிலிருந்தே தெரியும். சீமைக் கருவேலத்தின் பூங்கதிர் முழுவதும் ஒரே வெளிர் மஞ்சள் நிறம். அதன் காய் நீண்டு, சதைப்பற்றுடன், சற்றே வளைந்திருக்கும், முறுக்கிக்கொள்வதில்லை. விடத்தேரைக்கு இரு நிறக் கதிர், முறுக்கிய காய்க்கொத்து, இலை துளிர்க்கும் முள் ஆகிய மூன்றும் உண்டு. இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் ஐயம் நீங்கும்.

பதிற்றுப்பத்தில் விடத்தர்

பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தைப் பாடியவர் குமட்டூர்க் கண்ணனார். பாடப்பட்டவர் சேர மன்னர் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். இப்பத்தில் வரும் 13ஆம் பாடலின் பெயர் பூத்த நெய்தல்.

பாடல் முதலில் ஒரு வளமான மருத நிலத்தைக் காட்டுகிறது. மீன் துள்ளும் வயல், உழாமலே விதைக்கலாம் என்னும்படி எருதுகள் பொருது கிளறிய செய், கரும்புப் பாத்தி, நெய்தல் பூ என்று காட்சிகள் அடுக்கி வருகின்றன. பின்னர் சேரனின் சினத்துக்கு ஆளான நாடு என்ன ஆயிற்று என்று புலவர் சொல்கிறார். கரும்பு விளைந்த கழனி பொலிவிழக்கிறது. அங்கே விடத்தரும் கரிய உடையும் வளர்ந்து பரவுகின்றன. பேய்கள் திரிகின்றன. சாம்பல் படிந்த பாழ்நிலத்தில் நெருஞ்சி படர்கிறது.

இப்பாடலில் விடத்தருக்குப் புலவர் தரும் அடைமொழி அதன் காய் திரிந்தது, அதாவது முறுக்கியது என்பதாகும். உரைகளில் விடத்தர் என்பதற்கு விடத்தேரை என்றே பொருள் கூறப்படுகிறது. செடியை நேரில் கண்டவருக்கு இந்த அடைமொழி உடனே விளங்கும். தாவரவியல் நூலில் இச்செடியைப் பிரித்தறிய இன்று கொடுக்கப்படும் முதன்மை அடையாளங்களுள் ஒன்றை ஒரே சொல்லில் புலவர் தந்துள்ளார். உடைக்குக் கருமையையும் விடத்தருக்குக் காயின் முறுக்கையும் கூறியதால், இரண்டும் வெவ்வேறு முட்செடிகள் என்பதும் தெளிவாகிறது.

இன்னொரு செய்தியும் இங்கு கவனிக்கத்தக்கது. போரினால் பாழான நிலத்தைக் காட்ட ஏதேனும் ஒரு முள்ளைச் சொன்னால் போதும். ஆனால் புலவர் சொன்ன முள், உழவு நின்ற நிலத்தில் உண்மையாகவே முதலில் புகக்கூடியது. உழவு நடக்கும்வரை கலப்பையும் மண்வெட்டியும் வேர்க்கன்றுகளை ஆண்டுதோறும் அழித்துவிடும். உழுவோர் ஓடிவிட்டால், காயைத் தின்ற கால்நடைகள் கழனியில் விருப்பம்போல் திரியும். விதை அவற்றின் சாணத்தோடு விழும். முளைத்த செடி வேர் வழியாகப் பரவும். சில ஆண்டுகளில் வரப்பும் பாத்தியும் தெரியாமல் போகும். பாடலில் வரும் காட்சியும் செடியின் இயல்பும் இவ்வாறு பொருந்துகின்றன.

பாலவனத்தமும் சங்கநூல் பதிப்பும்

பாலவனத்தம் என்ற ஊர்ப்பெயரைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருப்பது பாண்டித்துரைத் தேவரால். பாலவனத்தம் ஜமீன்தாரான அவர் 1867ஆம் ஆண்டு பிறந்து 1911ஆம் ஆண்டு மறைந்தார். 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் அவரது முயற்சியால் தொடங்கப்பட்டது. சங்கத்தின் சார்பில் செந்தமிழ் என்ற இதழ் 1902 முதல் வெளிவந்தது. பழைய ஏடுகளையும் நூல்களையும் திரட்டும் பணியும் சங்கத்தில் நடந்தது.

1904ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிற்றுப்பத்தைப் பழைய உரையுடன் பதிப்பித்தார். அதற்கு முன் ஏட்டில் மட்டும் இருந்த விடத்தர் என்ற சொல் அச்சில் வந்து பலரும் படிக்கக் கிடைத்தது. அன்று பாலவனத்தம், திருச்சுழிப் பகுதிகளில் வாழ்ந்த உழவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் அச்சொல்லின் உரை தேவைப்பட்டிருக்காது. செடி அவர்கள் புஞ்சை ஓரத்திலேயே நின்றது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் நிலை தலைகீழானது. இன்று நூல் எளிதில் கிடைக்கிறது. செடியை அறிந்தவர்கள் குறைந்துவிட்டனர். பாடலைப் படிக்கும் மாணவர் விடத்தர் என்பதற்கு ஒருவகை முள்மரம் என்று குறித்துக்கொண்டு கடந்துவிடுகிறார். காயின் முறுக்கைப் பற்றிய அடைமொழி அவருக்கு வெறும் சொல்லாக நின்றுவிடுகிறது.

தாவரவியல் நூல்களில்

ஐரோப்பியத் தாவரவியலில் இச்செடியின் பெயர் வரலாறு ஒரு குழப்பத்தில் தொடங்கியது. 1753ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பீசிஸ் பிளாண்டாரம் என்ற நூலில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், மிமோசா சினிரியா என்ற ஒரே பெயரை இரண்டு செடிகளுக்குக் கொடுத்துவிட்டார். 517ஆம் பக்கத்தில் அப்பெயர் வன்னி மரத்தைக் குறித்தது. 520ஆம் பக்கத்தில் விடத்தேரையைக் குறித்தது. பிறகு வன்னியின் பெயர் சினரேரியா என்று திருத்தப்பட்டது. சினிரியா என்பது விடத்தேரைக்கே நிலைத்தது. உலகின் செடிகளுக்கெல்லாம் முறைப்படி பெயரிட்டவரின் நூலிலும் முட்செடிகள் பெயர் மாறிக் கிடந்தன என்பது இதிலிருந்து தெரிகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க், கோரமண்டல் கடற்கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இச்செடியைப் படத்துடன் சேர்த்தார். 1834ஆம் ஆண்டு ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னட்டும் எழுதிய தென்னிந்தியத் தாவர நூலில் டைக்ரோஸ்டாக்கிஸ் சினிரியா என்ற இன்றைய பெயர் அமைந்தது. வைட்டும் சென்னை மாகாணத்தில் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றியவர். உடை மரத்தின் பழைய அறிவியல் பெயரான அக்கேசியா பிளானிபிரான்ஸ் என்பதும் இதே நூலில்தான் முதலில் வெளிவந்தது. பதிற்றுப்பத்தில் ஒரே அடியில் சேர்ந்து நின்ற இரு முட்கள், 1834ஆம் ஆண்டு நூலிலும் சில பக்க இடைவெளியில் நின்றன.

மக்கள் வாழ்வில்

விடத்தேரையின் கட்டை கனமானது. வைரம் பாய்ந்த உட்பகுதி கருஞ்சிவப்பு. கரையான் எளிதில் அரிப்பதில்லை. மண்வெட்டிக் கணை, கோடரிக் காம்பு, கைத்தடி, வேலிக்கால் ஆகியவற்றுக்கு இத்தகைய கட்டை ஏற்றது. புகை குறைவாக நின்று எரிவதால் நல்ல விறகு, கரியும் தரமானது.

முட்கிளைகள் புஞ்சைகளுக்கும் ஆட்டுப்பட்டிகளுக்கும் வேலியாகப் பயன்பட்டன. வெட்டிய முள்ளைக் கையால் தொடாமல் கவைக்கம்பால் தள்ளிச் சேர்ப்பது வழக்கம். உயரத்தில் உள்ள தழையையும் காயையும் ஆடு மேய்ப்பவர் தொரட்டியால் இழுத்துப் போடுவர். அறுவடைக்குப் பின் புஞ்சையில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கத்தில் புழுக்கையோடு விதைகளும் நிலத்தை அடையும். மறு ஆண்டு உழவில் அவற்றின் முளைகள் அழிந்துவிடும். ஆகவே உரம் நிலத்தில் நிற்கும், முள் நிற்காது. உழவும் மேய்ச்சலும் விறகு வெட்டும் இணைந்து நடந்தவரை விடத்தேரை வரப்போரத்திலும் பொட்டலிலும் தன் அளவில் நின்றது.

முட்புதர்கள் சிறு பறவைகளுக்குக் கூடு கட்ட ஏற்ற இடமாகவும் உள்ளன. பூங்கதிர்களைத் தேனீக்கள் நாடுகின்றன. கிராம மருத்துவத்திலும் இதன் தளிரும் வேரும் இடம்பெற்றுள்ளன.

சீமைக் கருவேலத்தின் வருகை

சீமைக் கருவேலம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்தது. 1877ஆம் ஆண்டளவில் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நடப்பட்டன. விறகுத் தட்டுப்பாட்டைப் போக்குவதும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதும் நோக்கம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் முழுவதும் அது பரவியது. அந்த மாவட்டத்திலிருந்து 1985ஆம் ஆண்டு இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது.

இச்செடி பரவிய முறை விடத்தேரையின் முறையை ஒத்தது. இனிப்பான காயைக் கால்நடைகள் தின்றன. விதை சாணத்தோடு சென்றது. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்த்தது. ஆனால் அதன் வேகம் அதிகம். உவர் நிலத்திலும் கண்மாய்க்குள்ளும் அது வளர்ந்தது. அதன் தழையை ஆடுகள் பெரும்பாலும் கடிப்பதில்லை. விடத்தேரையைக் கட்டுக்குள் வைத்த மேய்ச்சல் இதைக் கட்டுப்படுத்தவில்லை.

அதே காலத்தில் நிலமும் மாறியது. மழை பொய்த்த ஆண்டுகள், தூர்ந்த கண்மாய்கள், கட்டுப்படியாகாத விளைச்சல் ஆகியவற்றால் பலர் புஞ்சையை விட்டு நகரங்களுக்குச் சென்றனர். உழவு நின்ற நிலத்தில் முள் புகுந்தது. பழைய பாடலில் விடத்தரும் உடையும் நின்ற இடத்தில் இப்போது சீமைக் கருவேலம் நின்றது. மறுபுறம், அதை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழில் திருச்சுழி உள்ளிட்ட வட்டாரங்களில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பானது. விளைச்சல் இல்லாத ஆண்டிலும் அடுப்பெரிய வைத்த முள் என்பதால், அதை முற்றிலும் தீயது என்று சொல்ல அம்மக்களால் இயலாது.

கியூபாவின் கரும்பு வயல்கள்

தம் பிறப்பிடத்தில் அளவாக நிற்கும் செடி வேற்று நாட்டில் கட்டுமீறலாம் என்பதற்கு விடத்தேரையே சான்று. இது இந்தியா, இலங்கை மட்டுமன்றி ஆப்பிரிக்காவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் இயற்கையாக வளர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரீபியன் தீவான கியூபாவுக்கு இது கொண்டு செல்லப்பட்டது. அங்கு இதன் பெயர் மராபு.

கியூபாவின் பொருளாதாரம் கரும்பை நம்பியது. 1991ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்நாட்டுச் சர்க்கரைக்கு உறுதியான சந்தை இல்லாமற் போனது. 2002ஆம் ஆண்டு சர்க்கரை ஆலைகளில் ஏறத்தாழப் பாதி மூடப்பட்டன. கைவிடப்பட்ட கரும்பு வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் மராபு பல இலட்சம் ஹெக்டேர் பரப்பை மூடியது. 2007ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் காமகுவே நகரில் ஆற்றிய உரையில், சாலை ஓரமெங்கும் மராபு செழித்திருப்பதை ராவுல் காஸ்ட்ரோ குத்திக்காட்டிப் பேசினார்.

பின்னர் கியூப மக்கள் மராபுவைக் கரியாக்கினர். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் 40 டன் மராபுக் கரி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலான வணிகத் தடைக்குப்பின் கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சட்டப்படி சென்ற முதல் ஏற்றுமதி என அது செய்தியானது.

கரும்புக் கழனி பாழாகி விடத்தர் பரவியது என்று பதிற்றுப்பத்து கூறியது. அதே இனச் செடி, அதே கரும்பு நிலத்தில், கடல் கடந்த நாட்டில், நம் காலத்தில் பரவியுள்ளது. சேர நாட்டுப் புலவர் கூறியது போரின் விளைவு. கியூபாவில் நடந்தது சந்தை வீழ்ச்சியின் விளைவு. காரணம் எதுவானாலும் உழுபவர் நிலத்தை விட்டு விலகியதே இரண்டுக்கும் பொது. அமெரிக்கக் கண்டத்து முள் திருச்சுழியில் கரியாக, திருச்சுழி வட்டாரத்து முள்ளினம் கியூபாவில் கரியாகிறது.

இன்றைய நிலை

2017ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவுகள் பிறப்பித்தது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அயல் களைத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. கண்மாய்களிலும் புறம்போக்குகளிலும் முள் அகற்றும் பணிகள் நடந்து வருகின்றன.

இப்பணியில் ஓர் ஆபத்து உண்டு. பொக்லைன் இயந்திரத்துக்கு எல்லா முள்ளும் ஒன்றுதான். அதை இயக்குபவருக்கும், வேலையை ஒப்படைப்பவருக்கும், அருகில் நின்று பார்க்கும் ஊராருக்கும் விடத்தேரை எது, சீமைக் கருவேலம் எது என்று தெரியாவிட்டால் இரண்டும் ஒருசேரப் பெயர்த்தெடுக்கப்படும். வெறுமையான நிலத்தில் மண்ணுக்குள் கிடக்கும் விதையிலிருந்து விரைவாக முளைப்பது சீமைக் கருவேலமாகவே இருக்கும். அயல் முள்ளை அழிக்கச் செய்த வேலை நாட்டு முள்ளை அழித்ததில் முடியலாம்.

நாட்டுச் செடி என்பதால் விடத்தேரையை எங்கும் வளர்க்க வேண்டும் என்பதில்லை. புஞ்சைக்குள் புகுந்தால் அதுவும் களைதான். அதன் தாயகங்களுள் ஒன்றான ஆப்பிரிக்காவின் நமீபியாவிலும் மேய்ச்சல் நிலத்தை மூடும் புதராக அது தொல்லை தருகிறது. அது நிற்க வேண்டிய இடம் வரப்போரம், மேய்ச்சல் பொட்டல், காட்டு விளிம்பு ஆகியவை. அங்கு ஆட்டுக்குத் தீனியாகவும், பறவைக்குக் கூடாகவும், மண்ணுக்குச் சத்தாகவும் அது பயன்படும்.

முள் ஒரு நிலத்தில் பரவியிருந்தால், அதற்கு முன் அங்கு உழவு நின்றிருக்கிறது என்று பொருள். சங்கப் புலவர் விடத்தரை அந்தக் குறியாகவே கையாண்டார். முள்ளை மட்டும் அகற்றி, கண்மாயைத் தூர்வாராமலும் உழவுக்கு வழி செய்யாமலும் விட்டால் மீண்டும் முள்ளே வரும். பெயர் மட்டும் மாறலாம்.

பள்ளி மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் தம் ஊர்ப் பொட்டலுக்குச் சென்று முறுக்கிய காய்க்கொத்துள்ள முட்செடி ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். கிடைத்தால் அதன் முள்ளில் இலை துளிர்த்துள்ளதா என்று கவனிக்கலாம். ஆடு மேய்க்கும் பெரியவரிடம் பெயரைக் கேட்டு, அவர் சொல்லும் வடிவத்தை அப்படியே எழுதி வைக்கலாம். பதிற்றுப்பத்தின் 13ஆம் பாடலில் வரும் ஓர் அடைமொழிக்கு அதைவிடத் தெளிவான உரை வேறில்லை.